பகல் சாப்பாட்டைக் கழித்த கணக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வைப் புகழாமல் இந்தக் கதையைத் தொடங்க எனக்கு வாய் வராது. இதில் நான் செய்த பெரிய காரியம் என்று ஒன்றும் இல்லை. ஒரு முட்டாள்தனமான பிழையைச் செய்தேன், அவ்வளவுதான். அந்தப் பிழைக்குள்ளிருந்து என் ரப்பு எங்களுக்கு எதை எடுத்துத் தந்தான் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அது டிசம்பர் மாதம், பள்ளிக்கூட விடுமுறை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பல்லேபொலயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில்தான் என் மனைவி ரிஸ்மியா வீடியோ கோல் எடுப்பாள். அவள் வளைகுடா நாடொன்றில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். போய் நான்கு வருடம் ஆகப்போகிறது.

கோல் வரும் நேரம் நெருங்கினால் எங்கள் கடைசி மகள் ஹனா உள்ளே ஓடுவாள். நீலப் பூப் போட்ட வெள்ளைக் கவுனை உடுத்துக்கொண்டு வருவாள். பெருநாளைக்கும் கல்யாண வீட்டுக்கும் என்று வைத்திருந்த கவுன் அது. தலைக்கு எண்ணெய் வைத்து, கதிரையில் நேராக உட்கார்ந்து, போனைப் பார்த்து, "சுகமா இருக்கீங்களா? வேலையெல்லாம் எப்படி?" என்று கேட்பாள். பிறகு விளையாட்டுக் கோப்பையைப் போனுக்கு முன்னால் நீட்டி, "டீ குடிங்க" என்பாள். மூத்தவள் ஷிஃபாவும் நடுவில் பிறந்த இமாதும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு ரிஸ்மியா சும்மா கேட்டாள். "ஏன் மக, எப்ப பாத்தாலும் அந்தக் கவுனைத்தான் உடுக்கிற?"

"வீட்டுக்கு ஆக்கள் வந்தா நல்ல உடுப்பு உடுக்கணும்னு மாமி சொன்னாங்க" என்றாள் ஹனா.

மாமி என்றால் பக்கத்து வீட்டில் இருக்கும் என் ராத்தா. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற என் மூத்த சகோதரி. அவ எதற்கோ சொன்ன சொல்லைப் பிள்ளை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரிஸ்மியா அவளை விட்டுப் போகும்போது அவளுக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. அவளுக்கு உம்மா என்பது வெள்ளிக்கிழமை வந்துபோகிற ஆள்.

ரிஸ்மியா பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொன்னாள்.

"மேடம் கேக்கிறாங்க. இன்னும் ரெண்டு வருஷம் நிக்கட்டாம். நோன்புப் பெருநாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ற? நான் வந்தா உங்கட சம்பளத்துல சமாளிக்க ஏலுமா? நீங்க சொல்லுங்க. நீங்க வான்னு சொன்னா வாறேன்."

எனக்கு வா என்று சொல்ல ஆசை நெஞ்சு முழுக்க இருந்தது. ஆனால் சமாளிக்க ஏலும் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் நிலைமையைச் சொல்ல வேண்டும். நான் முன்பு சிறியதாக ஒரு தொழில் செய்தேன். மிளகும் கறுவாவும் வாங்கி, வீட்டிலேயே தூளாக்கிப் பொதி செய்து கடைகளுக்குப் போடுவேன். பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் நாட்டைப் பிடித்து ஆட்டிய காலத்தில் அது மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. வீடு பாதி கட்டியபடி நின்றது. ரிஸ்மியா ஒரே வார்த்தையில், "இரண்டு வருஷம் போய்ட்டு வாறேன்" என்றாள். இரண்டு வருடத்தில் கூரை வந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் ஜன்னல், கதவு, குளியலறை. இனி டைல்ஸ். அதற்குப் பிறகு மேல் தட்டு. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போன பெண்களின் வீட்டுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இன்னும் ரெண்டு வருஷம் தானே." அந்த இரண்டு வருடம் முடிந்ததாக நான் எங்கேயும் கண்டதில்லை.

நான் மாத்தளையில் ஒரு வாசனைத் திரவியக் கொள்முதல் கடையில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவன். அது கராம்பு சீசன். பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் காலையில் மூன்று பிள்ளைகளையும் எழுப்பி, சோறு கட்டி, இரண்டு பேருக்குப் பின்னல் பின்னி, பஸ் பிடித்து ஓட வேண்டும். பின்னல் பின்னுவதைப் போனில் வீடியோ பார்த்துத்தான் படித்தேன். ஷிஃபா கண்ணாடியைப் பார்த்து, "வாப்பா, இது கயிறு மாதிரி இருக்கு" என்று அழுத நாட்கள் உண்டு.

மறுநாள் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கேட்டதில்லை. காசு கேட்கவில்லை. "யா அல்லாஹ், அவள் வரலாமா வேண்டாமா என்று நெஞ்சறியச் சொல்லக்கூடிய ஒரு பதிலை எனக்குக் காட்டு. என் பிள்ளை அவளுடைய உம்மாவை விருந்தாளியாகவே வைத்துக்கொள்வதற்கு முன்னால் காட்டு" என்று கேட்டேன். தாடியெல்லாம் நனைந்துவிட்டது. துஆ முடிந்து எழும்பிப் போனால் அடுப்பில் சொதி பொங்கி வழிந்து தீ அணைந்திருந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் பாண் ரொட்டியும் சீனியும் சாப்பிட்டுவிட்டு ராத்தா வீட்டுக்குப் போனார்கள்.

பதில் உடனே வரவில்லை. வந்தது ஒரு எரிச்சல்தான். ஒரு குடும்பம் மாதம் எவ்வளவில் வாழலாம் என்று யாராவது எழுதியிருப்பார்கள்தானே என்று போனில் தேடிப் பார்த்தேன். தமிழில் கிடைத்ததெல்லாம் இந்தியக் கணக்கு. இங்கிலீஷில் கிடைத்தது ஓய்வு காலத்தில் உலகம் சுற்றுவது எப்படி என்ற கணக்கு. தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் பெண்சாதியை வீட்டுக்குக் கூப்பிடலாமா என்று ஒரு மனிதரும் எழுதவில்லை. கோபம் வந்துவிட்டது. அப்படியானால் நானே ஒரு இணையத்தளம் செய்து எழுதுகிறேன் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாததை எழுதப் போனால்தானே நான் தெரிந்துகொள்ள வேண்டிவரும்? அந்த நினைப்பை என் மனதில் போட்டது யார் என்று எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது.

டவுனில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். அதன் விசைப்பலகையில் இரண்டு எழுத்து வேலை செய்யாது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பள்ளிக்குப் போவார்கள். சீசனில் எங்கள் கடை காலையில் நேரத்தோடு திறந்து நேரத்தோடு மூடிவிடுவதால் அந்த நேரத்துக்கு நான் ஊருக்கு வந்துவிடுவேன். ஓதல் முடியும்வரை பள்ளிவாசல் மதிலோரம் நிற்கும் தெரிந்தவரின் ஆட்டோவின் பின்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அதுதான் என் கல்லூரி. ஹனாவும் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு ஒன்றுமே தெரியாது. டொமைன் என்றால் தளத்தின் பெயர், ஹோஸ்டிங் என்றால் அதற்கு வாடகை வீடு என்று விளங்கிக்கொள்ளவே பல நாள் போனது. வீடியோவில் பேசுகிற பையன் கடகடவென்று நாலு பட்டனை அழுத்துவான். அவனுக்கு அழகான பக்கம் வரும். நான் அதே பட்டனை அழுத்தினால் வெள்ளைத் திரை வரும். ஒருநாள் எழுதிய தமிழெல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகளாக மாறிவிட்டது. எழுத்துரு சரியில்லாததுதான் காரணம். அது தெரியாமல் லேப்டாப்புக்குப் பேய் பிடித்துவிட்டதாக நினைத்து ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினேன். சிரிக்காதீர்கள்.

ஆனாலும் தளம் எழும்பியது. வட்டிக்குப் போகாமல் வீட்டை நடத்துவது பற்றி, மின்சாரக் கட்டணம் பற்றி, பிள்ளைகளின் டியூஷன் செலவு பற்றி எழுதினேன். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. பார்த்தவர் எண்ணிக்கை என்று ஒரு மூலையில் காட்டும். அதில் இருந்ததெல்லாம் நானேதான், என் போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் மாறி மாறி.

நோன்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது முக்கியமான பக்கத்தைச் செய்து முடித்தேன். அதுதான் எனக்கு வேண்டிய பக்கம். ஒரு குடும்பத்தின் வருமானத்தையும் செலவையும் போட்டால், வெளிநாட்டில் இருக்கிறவர் திரும்பி வரலாமா என்று அது காட்டும். பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாகச் செலவு போட வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கையே உதாரணமாகப் போட்டேன். நோன்பு மாதம் வந்தது. நான் ஆழமாக யோசித்தேன். பகலில் யாரும் சாப்பிடுவதில்லை. ஆகவே பகல் சாப்பாட்டுச் செலவைக் கழித்தேன். தேநீர் செலவிலும் பாதியைக் கழித்தேன். புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

பட்டனை அழுத்தினேன். "வரலாம்" என்று காட்டியது. கொஞ்சம் மிச்சமும் காட்டியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோ சீட்டிலேயே ஷுக்ர் சொன்னேன். உடனே லிங்கை ரிஸ்மியாவுக்கு அனுப்பினேன். "என் துஆவுக்குப் பதில் வந்துவிட்டது, பார்" என்றும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை இல்லாத நாளில் அவள் கோல் எடுத்தாள். எடுத்ததும் சிரித்தாள். மூச்சுத் திணறத் திணறச் சிரித்தாள். இப்படி அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம்! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஷிஃபாட வாப்பா, நோன்புக்குச் செலவு குறையும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"பகலைக்குச் சாப்பிடுறதில்லைதானே?"

"நோன்பு தொறக்கிறதுக்கு என்னத்தத் திங்கிற? பேரீச்சம்பழம் சும்மா வருதா? சமோசா மாவு சும்மா வருதா? விடியமுன்ன ஸஹருக்கு எறச்சியில்லாம உங்களுக்கு இறங்குமா? பிள்ளைகளுக்கு உடுப்பு? பக்கத்து வீடுகளுக்கு அனுப்புற சஹன் சாப்பாடு? ஏழைகளுக்குக் குடுக்கிற பித்ரா?"

நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். வருடம் முழுவதிலும் எங்கள் வீட்டில் அதிகம் செலவாகும் மாதத்தை நான் மலிவான மாதமாக எழுதியிருக்கிறேன். அதை வீட்டுக்குள்ளேயே இருந்து தின்றவன் நான். ஒரு நாளும் அதற்கு எவ்வளவு போகிறது என்று பார்த்ததில்லை. அவள் அங்கேயிருந்து நோன்புக்கென்று தனியாக அனுப்பியதையெல்லாம் நான் வாங்கிச் செலவழித்துவிட்டு மறந்திருக்கிறேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவள் குரல் மாறியது. "இந்தக் கணக்க நம்பி நான் வந்தேன்னா, நோன்பு பத்துக்குள்ள நம்மட வீட்டுல அடுப்பு எரியாது."

போனை வைத்துவிட்டுச் சரியான தொகைகளைப் போட்டுப் பார்த்தேன். "வர ஏலாது" என்று காட்டியது. நானே செய்த பட்டன், நானே எழுதிய சொல். அன்று மஃரிப் தொழுகையில் என்ன ஓதினேன் என்றே எனக்கு நினைவில்லை. அல்லாஹ் என் துஆவைக் கேட்கவில்லை என்ற எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன். மதில் ஓரத்தில் அத்தனை நாள் உட்கார்ந்தது எதற்கு என்று மனம் குமைந்தது. அந்தப் பக்கத்தை அழித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

மூலையில் இருந்த எண்ணிக்கையைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது.

ரிஸ்மியா சிரிப்பைத் தனக்குள் வைத்திருக்கவில்லை. அவள் வேலை செய்யும் ஊரில் நம் நாட்டுப் பெண்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. அதில் லிங்கைப் போட்டு, "என்ட மாப்பிள்ளை நோன்புக்குப் பகல் சாப்பாட்டைக் கழிச்சிருக்காரு, வந்து பாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். நோன்பு மாதக் கணக்கில் ஒரு ஆம்பிளை இப்படிப் பிழை விடுவான் என்பதை அந்தப் பெண்கள் எல்லோரும் தங்கள் வீட்டில் கண்டவர்கள்தானே. ஒருத்தி இன்னொருத்திக்கு அனுப்பி, அவள் ஊரிலிருக்கும் தங்கைக்கு அனுப்பி, என் அறியாமை கடல் தாண்டிப் போய்த் திரும்பி மாத்தளைக்கே வந்துவிட்டது.

தளத்தில் என் நம்பர் இருந்தது. வொய்ஸ் மெசேஜ்கள் வரத் தொடங்கின. முதலில் கேலி. அது ஓய்ந்த பிறகுதான் மற்றவை வந்தன.

நாவுலயிலிருந்து ஒரு சகோதரி என்னை அண்ணன் முறை வைத்துப் பேசினார். "நானா, நீங்க மாசாமாசம் எழுதச் சொல்றீங்க. எங்களுக்கு நெல்லு வித்தாத்தான் காசு. போகத்துக்கு ஒருக்கா வார காசை எந்த மாசத்துல எழுதுற?"

எல்கடுவ தோட்டத்திலிருந்து வெளிநாடு போன ஒரு பெண், ஒரு வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பேசினாள். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. "அண்ணே, எங்க வீட்டுல நோன்பு இல்ல, தீவாளி. தீவாளி அட்வான்ஸ வாங்கிட்டு அப்புறம் மாசாமாசம் சம்பளத்துல புடிப்பாங்களே, அத எங்க போடுறது? எங்களுக்கும் ஒரு கட்டம் போட்டுக் குடுங்க. எனக்கும் புள்ளைங்ககிட்ட போகணும்ணே."

அந்தக் கடைசி வார்த்தையை மறுபடியும் மறுபடியும் கேட்டேன். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் எனக்கும் ஒரே கேள்வி.

ரிஸ்மியாவிடம் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, அழித்துவிடப் போகிறேன் என்றேன்.

"அழிக்காதீங்க. திருத்துங்க. நான் சொல்றேன், நீங்க போடுங்க."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தாங்காது. அவள் வேலைக்கு நடுவே வொய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். பாத்திரம் கழுவுகிற சத்தத்தோடு சில, அரபிப் பிள்ளை அழுகிற சத்தத்தோடு சில. எங்கள் வீட்டில் எந்த மாதம் என்ன வரும் என்பது முழுக்க அவள் தலைக்குள் இருந்தது. நான்கு வருடமாக இந்த வீட்டுப் படியில் கால் வைக்காதவள், இமாதுடைய சப்பாத்து எப்போது பத்தாமல் போகும் என்பதுவரை சொன்னாள். நாவுலக் கணக்குக்கு அவளே வழி சொன்னாள். நெல் விற்ற காசை ஆறாகப் பிரித்து, அடுத்த போகம்வரை மாதத்துக்கு ஒரு பங்கைச் சம்பளம் மாதிரி எடுக்கச் சொன்னாள். தீபாவளி அட்வான்ஸ் பற்றி அந்த எல்கடுவத் தங்கச்சியிடமே பேசிக் கேட்டு, பிடிக்கிற மாதங்களையும் சேர்த்தாள். எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமில்லாத பெண்களுக்காக ஒவ்வொரு பக்கத்தையும் அவள் குரலிலேயே பதிந்து போட்டோம். வேலை செய்தபடி காதில் மாட்டிக் கேட்கலாம். நான் அவளைக் கல்யாணம் முடித்துப் பதிமூன்று வருடம். என் வீட்டில் இப்படி ஒரு மூளை இருந்திருக்கிறது. நான் அதற்கு வெங்காயம் வாங்கிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நோன்பு வந்தது. ஓதப் பள்ளி விடுமுறை. பிள்ளைகளும் நானுமாக ஸஹர் செய்து, நோன்பு திறந்து, எஞ்சிய நேரத்தில் தளத்தைத் திருத்தினேன். வீட்டுக் கணக்கையும் இருவருமாக மறுபடி பார்த்தோம். டைல்ஸ் வந்தபோது ரிஸ்மியா சொன்னாள்: "சீமெந்துத் தரையில தொழுதா அல்லாஹ்ட்ட கபூலாகாதா? விடுங்க." மேல் தட்டையும் அவளே தள்ளிப்போட்டாள். பக்கத்து வீடுகளுக்கு அனுப்பும் சஹனில் மட்டும் கை வைக்க விடவில்லை. அப்படியும் கணக்கில் ஒரு பள்ளம் இருந்தது. என் சம்பளத்தால் அதை நிரப்ப முடியவில்லை. பெருநாளோ நெருங்கிக்கொண்டு வந்தது. மேடம் இரண்டு முறை கேட்டுவிட்டாராம்.

நோன்பின் கடைசிப் பத்து நாள் தொடங்கியது. நான் என் துஆவை மாற்றவில்லை. அதே வார்த்தைகள்தான். இந்த முறை அழுகை வரவில்லை, என்னமோ ஒரு தைரியம் இருந்தது. கேட்கிறவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான் என்று தோன்றியது.

ஒருநாள் அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நின்றேன். ஒரு கையில் பாத்திரம், மறு கையில் ஹனா. போன் அடித்தது. தெரியாத நம்பர். மாத்தளையில் வாசனைத் திரவியக் கடை வைத்திருக்கும் ஒருவர். நான் அவரை முன்பின் கண்டதில்லை.

"உங்கட சைட்டுல நெல்லுக் காசுப் பக்கத்த என்ட மனிசி காட்டினாங்க. நல்லா விளங்கிச்சு. எங்கட கடைக்கும் அப்படி ஒண்டு செய்து தர ஏலுமா? கராம்பு, மிளகு, கறுவா அன்றாட விலை போடணும். தோட்டக்காரர் வீட்டிலிருந்தே பாத்துட்டு வரட்டும். மாசாமாசம் பாத்துக்கொள்ள என்ன எடுப்பீங்க?"

நான் ஒரு தொகை சொன்னேன். வரிசையில் நின்றபடி, யோசிக்காமல், அந்தப் பள்ளத்தின் அளவைத்தான் சொல்லிவிட்டேன். வேறு எண் எதுவும் என் தலைக்குள் இருக்கவில்லை. அவர், "சரி, பெருநாள் கழிய வாங்க" என்றார்.

எனக்குப் பின்னால் நின்றவர் என் தோளைத் தட்டி, முன்னால் போகச் சொன்னார். ஹனா என் சாரத்தைப் பிடித்து இழுத்து, "வாப்பா, கஞ்சி முடியப் போகுது" என்றாள். கஞ்சியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்வரை அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர வேறு சொல் என் வாயில் இல்லை. வந்ததும் பாத்திரத்தைக்கூட இறக்கி வைக்காமல் ரிஸ்மியாவுக்குச் சொன்னேன்.

"ரிஸ்மியா, வா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நோன்பு மாசத்தையும் போட்டுப் பாத்தீங்கதானே?" என்றாள்.

என் அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே, இதை யோசித்துப் பாருங்கள். நான் பிழையில்லாமல் எழுதிய பக்கங்களை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஒரு பிழைதான் அவளைச் சிரிக்க வைத்தது. அவள் சிரித்ததால்தான் மற்றப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் கேட்டதால்தான் நெல்லுக் காசுப் பக்கம் பிறந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அந்த மனிதர் போன் எடுத்தார். "வர ஏலாது" என்று காட்டிய நாளில் என் துஆ தட்டிவிடப்பட்டது என்று நினைத்தேன். அன்றைக்கே அது ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நேரமில்லை, படிப்பில்லை, நம்மால் ஏலாது என்று யாராவது உட்கார்ந்திருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். கையேந்துங்கள், கையில் கிடைப்பதை எடுத்து ஆரம்பியுங்கள். நம் பிழையையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தெரிந்தவன் அவன்.

ரிஸ்மியா ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு வந்தாள். இப்போது தளத்தை நடத்துவது அவள்தான். நான் பட்டன் அழுத்துகிற ஆள். எல்கடுவத் தங்கச்சி இன்னும் வரவில்லை. அவளுடைய கணக்கில் இன்னும் சில மாதம் காட்டுகிறது. அவளுக்காக நாங்கள் துஆச் செய்கிறோம். நீங்களும் செய்யுங்கள்.

விமான நிலையத்துக்கு ஹனா வெள்ளைக் கவுனில்தான் வந்தாள். அது அவளுக்குக் கட்டையாகிவிட்டது, ஆனாலும் விடமாட்டேன் என்றாள். உம்மாவைக் கண்டதும் என் பின்னால் ஒளிந்துகொண்டு ஸலாம் சொன்னாள். வீட்டுக்கு வந்தபின் தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "எத்தன நாள் நிப்பீங்க?" என்று கேட்டாள். ரிஸ்மியா தண்ணீரைக் குடித்துவிட்டு, "போக மாட்டேன் மக" என்றாள். ஹனா நம்பவில்லை. காலையில் எழும்பியதும் கவுனை உடுப்பாள். தலையை வாருவாள். உம்மாவுக்கு முன்னால் நேராக உட்காருவாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படி மூன்று நாலு வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை நான் முற்றத்தில் இருந்தேன். ஹனா எங்கிருந்தோ ஓடி வந்தாள். காலெல்லாம் சேறு. தையல் விட்ட பழைய சட்டை, பின்னல் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்குகிறது. என்னைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்றபடி உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"உம்மா! பசிக்குது! இன்னும் ஆக்கலையா?"